மாத்திரை அட்டையோடு வரும் அந்தக் காகிதம்

கம்பெனி சட்டம், காஸ்டிங் என்று எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று கர்ப்பத்தடை மாத்திரையைப் பற்றி எழுதுகிறாளே என்று யாரும் நெளிய வேண்டாம். நான் படிப்பது பி.காம். தான், மருத்துவம் இல்லை. ஆனால் இது ஒரு காகிதத்தின் வரலாறு. காகிதங்களைப் படிப்பதுதானே எங்கள் வேலை!

சென்ற வருடம் என் அக்காவுக்குத் திருமணம் ஆனது. குழந்தை இரண்டு வருடம் கழித்துப் போதும் என்று முடிவு செய்து, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வந்திருந்தாள். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. "அதெல்லாம் யாருடி படிப்பா?" என்று குப்பையில் போடப் போனாள். பிராஸ்பெக்டஸ் என்றால் கடைசிப் பொடி எழுத்து வரை படிக்க வேண்டும் என்று எங்கள் சார் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டதால், அதை வாங்கிப் பிரித்தேன். பாதியில் ஒரு வரி. கண்ணில் மின்னல் கோடு போலத் தெரிந்துவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. அக்காவுக்குப் பள்ளி நாட்களிலிருந்தே அப்படித்தான் தலைவலி வரும்.

இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்தக் கதை.

1950களில் அமெரிக்காவில் மார்கரெட் சாங்கர் என்ற பெண்மணிக்கு, பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய ஒரு கர்ப்பத்தடை மாத்திரை வேண்டும் என்று கனவு. பணம் கொடுத்தவர் அவருடைய தோழி கேத்தரின் மெக்கார்மிக். ஆராய்ச்சி செய்தவர் கிரிகரி பின்கஸ், உடன் நின்ற டாக்டர் ஜான் ராக். இவர்கள் இருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கர்ப்பத்தடைக்குச் சட்டமே தடையாக இருந்தது. அதனால் பெரிய அளவிலான சோதனைக்குத் தேர்ந்தெடுத்த இடம் புவேர்ட்டோ ரிக்கோ தீவு. ஆண்டு 1956.

அங்கிருந்த ஏழைப் பெண்களிடம் "இதைச் சாப்பிட்டால் கர்ப்பம் தரிக்காது" என்று மட்டும் சொன்னார்கள். இது சோதனையில் இருக்கும் மருந்து என்று சொல்லவில்லை. சோதனையை அங்கே நடத்திய டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை வேலை செய்கிறது, ஆனால் சுமார் 17 சதவீதம் பெண்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி இருக்கிறது, பொதுவாகக் கொடுக்க இது ஏற்றதல்ல என்று எழுதி அனுப்பினார். மேலே இருந்தவர்களோ, பெரும்பாலும் இது மனப்பிரமை என்று ஒதுக்கிவிட்டார்கள். சோதனைக் காலத்தில் சில பெண்கள் இறந்தும் போனார்கள். பிரேதப் பரிசோதனை நடக்காததால் காரணம் என்னவென்று யாருக்கும் தெரியாமலே போயிற்று.

1960ல் எனோவிட் என்ற பெயரில் அந்த மாத்திரைக்குக் கர்ப்பத்தடைக்கான அனுமதி கிடைத்தது. அதில் இருந்த ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் 150 மைக்ரோகிராம். இன்றைய கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். அடுத்த ஆண்டே, 1961ல், மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்ததை பிரிட்டனின் லான்செட் இதழில் ஒரு டாக்டர் எழுதினார். 1960களின் கடைசியில் பிரிட்டிஷ் ஆய்வுகள் மாத்திரைக்கும் ரத்தக் கட்டிக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்தன. ஈஸ்ட்ரோஜன் அளவு கூடினால் ஆபத்தும் கூடுகிறது என்று தெரிந்ததும், 1969ல் 50 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்று அங்கே அறிவுறுத்தினார்கள்.

அதே 1969ல் பார்பரா சீமன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் விளைவாக 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். டாக்டர்களும் விஞ்ஞானிகளும் சாட்சி சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூடக் கூப்பிடவில்லை! ஆலிஸ் வுல்ஃப்சன் என்ற பெண்ணும் அவர் தோழிகளும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, எங்களிடம் ஏன் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டுக் கூச்சல் போட்டார்கள். டிவியில் நாடே பார்த்தது.

அந்தக் கூச்சலின் பலன்தான் அந்தக் காகிதம். மாத்திரை வாங்கும் பெண்ணே படிக்கும்படி ஒரு தாள் வைக்க வேண்டும் என்று 1970ல் அமெரிக்க அரசு உத்தரவிட்டது. முதலில் சுருக்கமாகத்தான் இருந்தது. 1978ல் விரிவாக்கினார்கள். அக்கா குப்பையில் போடப் போனது இதைத்தான்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையே விஷம் என்று ஓடிவிடாதீர்கள். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதுவகை மாத்திரைகளால் ரத்தக் கட்டி வரும் ஆபத்து 'இரு மடங்கு' என்று அறிவித்தார்கள். பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு அங்கே கருக்கலைப்புகள் கூடின. உண்மையில் அந்த இரு மடங்கு என்பது வருடத்துக்கு ஒரு லட்சம் பெண்களில் 15 பேர் என்பது சுமார் 30 ஆவதுதான். கர்ப்பமாக இருக்கும்போது அதே ஆபத்து அப்போதைய கணக்கில் 60. சதவீதத்தை மட்டும் பார்க்காதே, அடித்தொகை என்ன என்று கேள் என்று எங்கள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேடம் சொல்வது இதைத்தான்.

நம் ஊரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. அந்தத் தாளில் இருப்பதில் முக்கியமானவை இவை:

35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், முன்பு ரத்தக் கட்டி, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மேலே சொன்ன தலைவலி உள்ளவர்கள், புதிதாகப் பிரசவித்தவர்கள் இதை ஆரம்பிக்கக் கூடாது. வேறு வழி கேட்க வேண்டும்.

ஒரு நாள் மறந்தால், ஞாபகம் வந்த உடனே சாப்பிட்டுவிட்டு வழக்கம் போலத் தொடரலாம். இரண்டு நாளோ அதற்கு மேலோ மறந்தால், கடைசியாக மறந்ததை மட்டும் உடனே சாப்பிட்டுத் தொடர வேண்டும். விடாமல் 7 நாள் சாப்பிடும் வரை ஆணுறையும் வேண்டும்.

டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். ஒரு காலில் மட்டும் வலி வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீர்க் கடுந்தலைவலி, பார்வை மங்கல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் தலைவலியைப் பற்றிக் கேட்டுவிட்டு, பிபி பார்த்து, மாத்திரையை நிறுத்தி காப்பர்-டி போட்டுவிட்டார். அக்கா நலமாக இருக்கிறாள். அந்தத் தாளை என் காஸ்டிங் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

முகம் தெரியாத எத்தனையோ பெண்கள் உடம்பு நொந்து, எழுந்து நின்று கத்தி வாங்கித் தந்த காகிதம் அது. அடுத்த முறை எந்த மருந்து வாங்கினாலும் ஐந்து நிமிடம் செலவழித்துப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள், வெட்கமே வேண்டாம்.