அறிக்கையைத் திருத்தியவர்கள்

என் ஆய்வக மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சான்றிதழைக் கொடுத்த சங்கத்தில் தலைவருக்குச் சம்பளம் கிடையாது. செயற்குழுவில் இருப்பவர்களுக்கும் கிடையாது. வகுப்பெடுப்பவர்கள், தேர்வுக்கான வட்டுகளைத் தயாரிப்பவர்கள், நாங்கள் எழுதியனுப்பும் அறிக்கைகளை வரி வரியாகப் படித்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் என்று அத்தனை பேரும் பகலில் ஏதோ ஒரு ஊரின் காவல் துறையிலோ வரித்துறையிலோ ஆய்வகத்திலோ வேலை பார்த்துவிட்டு, இரவிலும் விடுமுறையிலும் இதைச் செய்கிறவர்கள். டிஜிட்டல் தடயவியலின் கதையைச் சொல்கிறவர்கள் மென்பொருள்களைப் பற்றிச் சொல்கிறார்கள்; பரபரப்பான வழக்குகளைப் பற்றிச் சொல்கிறார்கள். இந்த மனிதர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது. தொழிலை உண்டாக்கியவர்கள் இவர்கள்தான்.

சர்வதேசக் கணினிப் புலனாய்வு வல்லுநர் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். நாங்கள் ஐயாசிஸ் என்போம்.

1981-இல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. சில ஆண்டுகளுக்குள் போதைமருந்து வியாபாரியின் கணக்கும் வரி ஏய்ப்பவரின் இரண்டாம் பேரேடும் காகிதத்திலிருந்து ஃப்ளாப்பிக்குக் குடிபெயரத் தொடங்கின. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 1984-இல் காந்த ஊடகங்களை ஆராய ஒரு சிறு திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் ‘கார்ட்’ என்ற குழுவாக வளர்ந்தது அதுதான். ஆனால் சின்ன ஊர்களின் காவல் நிலையங்கள் பறிமுதல் செய்த ஒவ்வொரு பெட்டியையும் தலைநகருக்கு அனுப்பிக் காத்திருக்க முடியாது. அங்கெல்லாம் நடந்தது வேறு. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் போலீஸ்காரர் யாரென்று பார்த்து, ‘உனக்குத்தான் தெரியுமே, நீயே பார்’ என்று அவர் தலையில் கட்டினார்கள்.

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும். சாட்சியத்தைக் கெடுக்காமல் அதைத் திறப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. பெட்டியை ஆன் செய்தாலே உள்ளிருக்கும் சில கோப்புகளின் தேதி மாறலாம். கம்ப்யூட்டர் எழும்போது தானாக ஓடும் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, எல்லாவற்றையும் அழித்துவிடும்படி ஒருவன் பொறி வைத்திருக்கலாம். இதற்குப் பாடப்புத்தகம் இல்லை, பட்டப்படிப்பு இல்லை. வேலை கையில் வந்து விழுந்துவிட்டது. கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆகவே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்க வருமான வரித்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவில் இருந்த மைக்கேல் ஆண்டர்சன் அந்தத் தலைமுறையில் முக்கியமானவர். 1990-இல் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் நடந்த பயிற்சி வகுப்பிலிருந்து ஐயாசிஸ் தன் வயதைக் கணக்கிடுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் அதே மாநிலத்தின் யூஜீன் நகரில், சைடெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் சக் கூஸிஸ், ‘சேஃப்பேக்’ என்ற மென்பொருளை எழுதினார். ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை, அழித்த கோப்புகள் உட்பட, ஒரு பிட் விடாமல் அப்படியே படியெடுக்கும் மென்பொருள் அது. மூலத்தைத் தொடாதே, படியெடு, படியில் வேலை செய் என்ற எங்கள் முதல் விதி கையில் பிடிக்கும் கருவியாக மாறியது இப்படித்தான்.

அந்த வகுப்புகளில் கற்றுக்கொடுத்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் டைரக்டரியில் 32 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. முதல் 11 பைட்டுகளில் கோப்பின் பெயர். கோப்பை அழித்தால் டாஸ் செய்வது மிகச் சொற்பம்: பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் இ5 என்ற பதினாறடிமான எண்ணை எழுதும், கோப்பு தங்கியிருந்த இடங்கள் இனி காலி என்று அட்டவணையில் குறிக்கும். உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே கிடக்கும், வேறொரு கோப்பு வந்து மேலே உட்காரும் வரை. அப்படி உட்கார்ந்தாலும் முழுதாக மூடாது. வட்டு இடத்தை, சில செக்டர்கள் சேர்ந்த கிளஸ்டர் கிளஸ்டராகத்தான் கொடுக்கும். 2,048 பைட் கிளஸ்டரில் 1,000 பைட் கோப்பை வைத்தால், படி நெல்லை மரக்காலில் கொட்டினதுபோல மேலே இடம் மிஞ்சும். முதல் இரண்டு செக்டர்கள், அதாவது 1,024 பைட், எழுதப்பட்டுவிடும். மிச்ச இரண்டு செக்டர்களில் பழைய கோப்பின் வால் அப்படியே இருக்கும். நடுவில் மிஞ்சும் 24 பைட்டில், அந்த நேரத்தில் கணினியின் நினைவகத்தில் எது இருந்ததோ அதன் துணுக்கைக் கொண்டுவந்து நிரப்புவது பழைய டாஸின் பழக்கம். ஒரு கடிதத்தின் பாதி வாக்கியம் அங்கிருந்து கிடைக்கலாம்.

இதையெல்லாம் கையால் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நார்ட்டன் டிஸ்க் எடிட்டரைத் திறந்து, பதினாறடிமான எண்களை விரலால் எண்ணிக்கொண்டு போக வேண்டும். சான்றிதழ் வேண்டுமானால் சங்கத்தார் தனியாகத் தயாரித்த ஃப்ளாப்பிகள் தபாலில் வரும்; கடைசியில் ஒரு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றிலும் எதையோ ஒளித்து வைத்திருப்பார்கள். கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டும். அந்த ஃப்ளாப்பியைத் தயாரித்தவரும் அறிக்கையைத் திருத்தியவரும் எங்கோ ஒரு ஊரில் இரவு ரோந்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த இன்னொரு போலீஸ்காரர்.

சி.எஃப்.சி.இ. என்ற அந்தச் சான்றிதழ் இன்றும் அதே எலும்புக்கூட்டில்தான் நிற்கிறது. முதல் கட்டத்தில் நான்கு செய்முறைக் கணக்குகள். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோச். இரண்டாம் கட்டத்தில் கோச் ஒதுங்கிக்கொள்வார். ஒரு ஹார்ட் டிஸ்க்கும் எழுத்துத் தேர்வும் தன்னந்தனியாக. மூன்றாண்டுக்கு ஒருமுறை திறமையை மறுபடி நிரூபிக்க வேண்டும். எனக்குக் கோச்சாக வாய்த்தவர் நெதர்லாந்தில் வேலை பார்த்தவர். சென்னையில் நான் காலையில் எழுந்து பார்க்கும்போது அவர் குறிப்புகள் வந்திருக்கும். அவரை நேரில் பார்த்ததே இல்லை. பிறகு நானும் கோச் ஆனேன்.

கோச்சின் வேலை என்னவென்று ஒரு வாக்கியத்தை வைத்துச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எழுதும் வாக்கியம் இது: ‘குற்றம் சாட்டப்பட்டவர் இந்தக் கோப்பை அழித்தார்.’ டைரக்டரியில் இ5 இருக்கிறது, கோப்பு அழிக்கப்பட்டிருக்கிறது, உண்மைதான். யார் அழித்தார்கள் என்று இ5 சொல்லுமா? அந்த வீட்டில் அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடவில்லை என்று வட்டு சொல்லுமா? ஏதாவது ஒரு மென்பொருள் தானாகவே அழித்திருக்காதா? நான் பதில் எழுதமாட்டேன். இந்தக் கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவேன். மறுபடி வரும்போது வாக்கியம், ‘இந்தக் கோப்பின் டைரக்டரிப் பதிவு அழிக்கப்பட்ட நிலையில் உள்ளது’ என்று சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்தில் ஒரு மனிதனின் விடுதலை தங்கியிருக்கலாம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவதை ஒரு சகா முன்கூட்டியே, பகை இல்லாமல், கேட்டுவிடுகிறார். சங்கத் தலைமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இப்படி இன்னொருவரின் அறிக்கையைப் படிப்பதுதான். மேடையும் மாலையும் பிறகுதான்.

இது எவ்வளவு தேவையான வேலை என்பதை நீதிமன்றமும் அறிவியலாளர்களும் பின்னால் எடுத்துச் சொன்னார்கள். 1993-இல் டாபர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவியல் சாட்சியத்தை ஏற்குமுன் நீதிபதி கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்தது: முறை சோதிக்கப்பட்டதா, துறைசார்ந்த மற்றவர்கள் அதைப் பரிசீலித்தார்களா, பிழை விகிதம் என்ன, அதற்குத் தரவிதிகள் உண்டா. 2009-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை இன்னும் கடுமையாகப் பேசியது. தடயவியலின் பல பிரிவுகள் போதிய அறிவியல் அடித்தளம் இல்லாமல் நடக்கின்றன என்றது, தடயங்களை ஆராயும் எக்ஸாமினர்களுக்குச் சான்றளிப்பு கட்டாயமாக வேண்டும் என்றது. தன்னார்வலர்கள் ஃப்ளாப்பி அனுப்பத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன அப்போது.

ஒரு விஷயத்தில் அந்த முன்னோர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஐயாசிஸ் நெடுங்காலம் காவல், புலனாய்வு அமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. கலிஃபோர்னியாவில் பிறந்த இன்னொரு சங்கமான எச்.டி.சி.ஐ.ஏ.-வில், குற்ற வழக்கில் எதிர்த்தரப்புக்காக வேலை செய்கிறவர்களுக்கு இடமில்லை என்றே விதி இருந்தது. குற்றவாளிகளின் கையில் உத்திகள் போய்விடக்கூடாது என்ற பயம் எனக்குப் புரிகிறது. அங்கே கூடிப் பேசியவர்கள் எல்லாரும் புலனாய்வாளர்கள் என்பதும் தெரியும். ஆனால் வட்டில் இருக்கும் பைட்டுக்குக் கட்சி கிடையாது. அரசுத் தரப்பு எக்ஸாமினர் எழுதியதைச் சரிபார்க்கும் எதிர்த்தரப்பு எக்ஸாமினருக்கும் அதே பயிற்சி இருந்தால்தான் நீதிமன்றத்தில் உண்மை தங்கும். காலப்போக்கில் ஐயாசிஸ் கதவைத் திறந்தது. தனியார் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான் உள்ளே வந்தது அந்த வழியாகத்தான்.

ஆண்டுதோறும் ஃப்ளோரிடாவின் ஓர்லாண்டோவில் அடிப்படை வகுப்பு நடக்கும், இரண்டு வாரம். பாடம் நடத்துகிறவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன் அதே அறையில் மாணவராக உட்கார்ந்திருந்தவர்கள். தாங்கள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பாடமும் ஓயாமல் மாறவேண்டியிருக்கிறது. டாஸ் போய் என்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறை வந்தது, எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை வட்டு வந்தபோது ‘அழித்தது கிடக்கும்’ என்ற பழைய நம்பிக்கையே ஆட்டம் கண்டது, ஏனென்றால் டிரிம் கட்டளை அழித்த இடத்தை வட்டே துடைத்துக்கொள்ள வைத்துவிடும். பாடத்தை யாரோ உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டும்.

அதே ஓர்லாண்டோவில் 2011-இல் கேசி ஆன்டனி வழக்கு நடந்தது. மகளைக் கொன்றதாகத் தாய்மீது குற்றச்சாட்டு. குளோரோஃபார்ம் பற்றிய ஒரு வலைப்பக்கத்தை வீட்டுக் கணினியில் 84 முறை பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு மென்பொருளின் முடிவை வைத்து அரசுத் தரப்பு வாதிட்டது. வேறொரு மென்பொருள் காட்டியது ஒரே ஒரு முறை. 84 என்பது வேறொரு தளத்துக்குரிய எண். அந்த மென்பொருளை எழுதியவரே பிழையை ஒப்புக்கொண்டார். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அந்தப் பெண் விடுவிக்கப்பட்டார். ஒரு கருவி சொன்னதை இன்னொரு கருவியாலோ கைக்கணக்காலோ சரிபார் என்று போர்ட்லாந்து தலைமுறை ஏன் பிடிவாதம் பிடித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஒரு நிறுவனம் தன் மென்பொருளுக்கென்று கொடுக்கும் சான்றிதழில் அந்த மென்பொருளை ஓட்டத் தெரியுமா என்று பார்ப்பார்கள். அது பயனுள்ளதுதான், ஆனால் அந்த மென்பொருளையே சந்தேகிக்கத் தெரியுமா என்று பார்ப்பதற்கு விற்பனையில் பங்கில்லாதவர்கள் தேவை.

இதே மனப்பாங்கு ஆராய்ச்சிப் பக்கத்திலும் உண்டு. 2001 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்து யூட்டிகா நகரில் டி.எஃப்.ஆர்.டபிள்யூ.எஸ். என்ற பட்டறை கூடியது. டிஜிட்டல் தடயவியல் என்றால் என்ன என்பதற்கு இன்றும் எடுத்தாளப்படும் வரையறை அங்கே பிறந்தது. அதை நடத்துகிறவர்களும் தன்னார்வலர்களே. சவால்கள் வைக்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. 2005-இல் ஒரு கணினியின் நினைவகப் படியைக் கொடுத்து, இதில் என்ன நடந்தது சொல்லுங்கள் என்றார்கள். அதற்கு முன் எங்களில் பெரும்பாலோர் கரண்டைப் பிடுங்கி வட்டை மட்டும் எடுத்துவந்தவர்கள். அந்தப் புதிரை அவிழ்க்க எழுதிய மென்பொருள்கள் நினைவகத் தடயவியல் என்ற கிளைக்கே வழிவிட்டன.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. அறிக்கை படிக்க மேலதிகாரி விடுப்புத் தரமாட்டார். குழந்தைகள் அழுகிற வழக்கைப் பகலெல்லாம் பார்த்துவிட்டு, இரவில் இன்னொருவரின் அறிக்கையைப் பொறுமையாகப் படிக்க எல்லா நாளும் மனம் வராது. நல்ல கோச்சுகள் களைத்து விலகுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

நம் நாட்டுக்கும் சரிபார்க்கும் இந்த மரபு சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தரவேண்டிய சான்றிதழுக்கு ஒரு படிவம் வைத்திருக்கிறது. இரண்டு பகுதிகள்: முதல் பகுதியைத் தரப்பினர் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை நிபுணர். எடுத்த படி மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும் ஹேஷ் மதிப்பை இரண்டிலும் எழுத வேண்டும். ஆனால் அந்த இரண்டாம் பகுதியில் கையெழுத்திடும் நிபுணரின் வேலையை யார் படித்துப் பார்க்கிறார்கள்? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அதனால் சென்னையில் எக்ஸாமினர்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். பெயர், ஊர், வழக்கு எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அறிக்கைகளை மாற்றிக்கொள்கிறோம். போன கூட்டத்தில் எனக்கு வந்தது ஒரு ஆண்ட்ராய்டு போன். குறிப்பிட்ட வாட்ஸ்அப் செய்தி இரவு 11:40-க்கு அனுப்பப்பட்டது என்று இருந்தது. வாட்ஸ்அப்பின் தரவுத்தளம் நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து உலகப் பொது நேரப்படி மில்லிசெகண்டுகளில் எண்ணி வைக்கும். 11:40 என்பது அந்தப் பொது நேரமா, இந்திய நேரமா என்று அறிக்கையில் இல்லை. பொது நேரமென்றால் இங்கே மறுநாள் விடியற்காலை 5:10. அந்த ஐந்தரை மணி நேரத்தில் செய்தி அனுப்பியவர் எங்கே இருந்தார் என்பதே மாறிவிடும். ஓரத்தில் ‘எந்த நேரம்?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். எழுதியவர் அன்றே மடிக்கணினியைத் திறந்து மறுபடி பார்க்க உட்கார்ந்தார்.