தளை: செங்கல்பட்டுக் கடற்கரையில் பனையேறியின் காற்பிடி

வழுக்கும் பரப்பில் கால் ஊன்ற வேண்டியவர்கள் காலங்காலமாக இரண்டு வழிகளைக் கையாண்டு வந்திருக்கிறார்கள்: ஒன்று பரப்பைத் திருத்துவது, மற்றது பாதத்தோடு ஏதேனும் ஒன்றைப் பூட்டிக்கொள்வது. மாமல்லபுரத்துக் குன்றில் மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே நிற்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலுக்குச் செல்வோர் மிதிக்கும் பாறைப்படிகள் முதல் வழிக்குச் சான்று. இரண்டாவது வழிக்கான சான்று, கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகச் செய்யூர் வரை நீளும் மணல்மேடுகளின் பனந்தோப்புகளில் பல நூற்றாண்டுகள் புழங்கியும், கல்லில் வெட்டப்படாத காரணத்தால் வரலாற்று நூல்களின் கவனத்துக்கு வராமலே போயிற்று. பனையேறி தன் இரு பாதங்களிலும் மாட்டிக்கொள்ளும் நார்வளையமான தளையே அது.

தளை என்பது இரண்டு பாதங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிணைக்கும் அளவில் முறுக்கி முடியப்பட்ட ஒரு வளையம். பச்சைப் பனைமட்டையிலிருந்து உரித்தெடுத்த நாரினாலோ தென்னங்கயிற்றினாலோ தோலினாலோ இதைச் செய்துகொள்வார்கள். தளைநார் என்றும் இதைச் சொல்வதுண்டு. கன்னியாகுமரிப் பக்கம் இதற்குத் திளாப்பு என்று பெயர். கடையில் விற்கும் பொருளாக இது பெரும்பாலும் இருந்ததில்லை. ஏறுபவரின் பாத அகலத்துக்கும் அவர் ஏறும் மரங்களின் பருமனுக்கும் ஏற்ப அளவு மாறுவதால், அவரவர் தளையை அவரவரே முறுக்கிக்கொள்வதே வழக்கமாயிற்று.

இதன் இயக்கம் எளிமையாகத் தோன்றினாலும், இயற்பியல் நோக்கில் மிக நுட்பமானது. ஒரு பரப்பின்மீது கால் வழுக்காமல் நிற்பதற்கு உராய்வு வேண்டும். அந்த உராய்வோ, கால் அப்பரப்பை எவ்வளவு விசையோடு அழுத்துகிறதோ அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். செங்குத்தான மரத்தில் உடலின் எடை கீழ்நோக்கி இழுக்கிறதே தவிர, பாதத்தை மரத்தோடு சேர்த்து அழுத்துவதில்லை. தளை இந்தக் குறையைத் தீர்க்கிறது. மரத்தின் இரு பக்கங்களிலும் உள்ளங்கால்களைப் பதித்து ஏறுபவர் எடையைக் கீழே இறக்கும்போது பாதங்கள் விலகி வெளியே போக முயல்கின்றன. வளையம் அவற்றை விலகவிடாமல் இழுத்துப் பிடிப்பதால், கீழே இழுத்த அதே எடை பாதங்களை மரத்தோடு இறுக்கும் விசையாக மாறிவிடுகிறது. எடை கூடினால் பிடியும் கூடும். பாதங்களை ஒன்றுசேர்த்து மேலே தூக்கினால் பிடி தானாகவே தளர்ந்துவிடும். கைகளால் மரத்தை அணைத்து உடலை நிறுத்துவதும், முழங்காலை மடக்கித் தளைபூட்டிய பாதங்களை ஒருசேர மேலிழுப்பதும், அவற்றைப் பதித்து எழுவதும் மாறி மாறி நிகழ்வதே பனையேற்றம்.

மேற்கில் பனிமலை ஏறுவோர் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வைக் கண்டார்கள். காலணியின் அடியில் வாரினால் கட்டும் இரும்புப் பற்சட்டமான கிராம்பானை 1908இல் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பத்துப் பற்களோடு புதிதாக வடிவமைக்க, இத்தாலியின் கூர்மாயூர் ஊரைச் சேர்ந்த கிரிவெல் என்னும் கொல்லர் குடும்பம் அதை வடித்துக் கொடுத்தது. அக்குடும்பத்தின் லோரான் கிரிவெல் 1929இல் முன்பக்கம் நீட்டிய இரு பற்களைச் சேர்த்த பிறகு செங்குத்தான பனிச்சுவரிலும் நேராக ஏற முடிந்தது. இன்று பனித்தரையில் ஓடுவோரும் நடப்போரும் காலணிமேல் இழுத்து மாட்டிக்கொள்ளும் ரப்பர்ப் பட்டைகளும் அந்த வழிவந்தவையே. இவை அனைத்தும் குத்திப் பிடிப்பவை. தளையோ இறுக்கிப் பிடிப்பது. இந்த வேறுபாட்டைத் தொழில்நுட்பத்தின் பின்தங்கிய நிலையாகக் கருதுவது தவறு. பனிக்கட்டியில் விழுந்த துளையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆனால் பனை ஆண்டுதோறும் திரும்ப ஏறவேண்டிய மரம். அது ஒருவித்திலைத் தாவரம், அதாவது தண்டின் காயத்தைப் புதுக்கட்டையால் மூடி வளரச் செய்யும் கேம்பியம் என்ற வளர்திசு இல்லாதது. வேம்பிலோ மாவிலோ பட்ட வெட்டு நாளடைவில் மூடிக்கொள்ளும். பனையில் பட்டது பட்டபடியே நின்று, நீரும் அழுகலும் கூன்வண்டும் நுழையும் வாயிலாகிவிடக்கூடும். தென்னையில் சில இடங்களில் வெட்டுப்படி செதுக்கி ஏறும் பழக்கம் இருந்தது என்றாலும், மரத்தின் ஆயுளைப் பெரிதாகக் கருதியவர்கள் அதை விரும்பவில்லை. இரும்பை நன்றாக அறிந்த ஒரு சமூகத்தில் பனையேறியின் காலில் இரும்பு ஏறாமல் போனதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

தளை தனியாக வேலை செய்யும் கருவியும் அன்று. அடிமரம் பருத்திருப்பதால் முதல் சில அடிகளுக்குச் சாய்த்து வைத்து மிதிக்கும் முருக்குத்தடி, கரடான மரத்தில் மார்பு உராய்ந்து கிழியாமல் காக்கும் நெஞ்சுத்தோல், பாளை சீவும் கத்தியைச் செருகும் அரிவாள்பெட்டி, பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் இடுக்கி, இறக்கும் நீரை ஏந்தும் கலயம் ஆகியவை அதன் துணைகள். உடலையும் மரத்தையும் சேர்த்து வளைக்கும் இடைக்கயிற்றைப் பயன்படுத்துவோரும் உண்டு. பாளையை நாள்தோறும் இருமுறை சீவவேண்டியிருப்பதால், 15 மீட்டர் உயரமுள்ள 30 மரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் ஒரு நாளில் 900 மீட்டர் ஏறி அதே அளவு இறங்குகிறார். சுமார் 500 அடி உயரமுள்ள திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையை அடிவாரத்திலிருந்து ஆறு முறை ஏறுவதற்கு இது ஈடு. அங்கே பக்தர்களுக்குப் படிகள் உண்டு. இங்கே இருந்தது நார்வளையமும் காய்த்துப்போன உள்ளங்காலும்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே குரோம் தோல் நிறுவனம் எழுந்து, குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரையே விட்டுச்சென்றது; பதனிட்ட தோல் கடல் கடந்து போனதே தவிர, பனையேறியின் பாதத்துக்கு அதனால் ஒரு மாற்றமும் நேரவில்லை.

எழுத்து ஆவணங்களில் இத்தொழில் எப்போதும் வரியாகவும் உரிமையாகவும்தான் தலைகாட்டுகிறது. பல்லவர் காலச் செப்பேடுகளில் ஈழம்பூட்சி என்ற வரியின் பெயர் வருகிறது. அது கள்ளிறக்குவோர் செலுத்தியது. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடையளித்ததைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடு, அவ்வூரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர், அதாவது கள்ளிறக்குவோர், ஏறக்கூடாது என்பதைக் கொடையின் நிபந்தனைகளுள் ஒன்றாக வைக்கிறது. யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதை அரசு வகுத்தது. எப்படி ஏறினார்கள் என்பதைப் பொறித்து வைக்க வேண்டிய தேவை அதற்கு எழவில்லை.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் மானியமாக, விட்டுக்கொடுத்த நிலப்பகுதியே பிற்காலச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கரு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இந்த ஜாகிரின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் வீடுகளும் தொழில்களும் விளைச்சலில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சேரவேண்டிய பங்கும் அந்தக் கணக்குகளில் அடங்கின. ஊர்க் கணக்கர்கள் அவற்றைத் தமிழில் எழுதியது பனையோலையில். பிற்காலத்தில் தரம்பால் போன்ற ஆய்வாளர்களின் முயற்சியால் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த அந்தச் சுவடிகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்வது பொருந்தும்: எழுதிய ஓலையும் மரத்தில் ஏறி வெட்டி இறக்கியவர்களின் உழைப்பால் வந்ததே.

19ஆம் நூற்றாண்டில் கணக்கு இன்னும் நெருங்கி வந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மதுவகைகளின் உற்பத்தியையும் விற்பனையையும் அரசின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அதன் வழியில் பரவிய மரவரி முறையில் கள்ளிறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே வரி கட்டி, மரத்தில் எண் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது புளிக்காத பதநீர், தடவாவிட்டால் கள். இந்த மெல்லிய சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் வரியும் விலக்கும், பிறகு குற்றமும் குற்றமின்மையும் நின்றன. ஆப்காரி வருவாய் மாகாணத்தின் பெரிய வரவுகளுள் ஒன்றாக இருந்த அந்தப் பல ஆண்டுகளில், மரத்தையும் கலயத்தையும் கடையையும் எண்ணிய அதிகாரிகள் கால்வளையத்தை எண்ணவில்லை. அதற்கு விலை இல்லாததால் வரியும் இல்லை.

தளையின் வரலாற்றில் உண்மையான முறிவு மதுவிலக்கோடு வந்தது. இராசாசி அமைச்சரவை 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, போர்க்காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் படிப்படியாக விரிந்து 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதையும் தழுவியது. சென்னையிலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் கள்ளிறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த கிராமணி சமூகத்தை இது நேரடியாகத் தாக்கியது. அதே சமூகத்தில் 1906இல் பிறந்த ம.பொ.சிவஞானம் காங்கிரசுத் தொண்டராக மதுவிலக்கை ஆதரித்து நின்றார் என்பது அக்காலத்து உள்முரண்களின் ஆழத்தைக் காட்டும். கள்ளை இழந்தவர்களைப் பதநீருக்கும் பனைவெல்லத்துக்கும் திருப்பும் நோக்கில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. காந்தியின் கிராமத் தொழில் இயக்கம் 1930களிலேயே பனைவெல்லத்தைப் பரிந்துரைத்திருந்தது. ஆனால் பதநீருக்கு ஏறும் கால் கள்ளுக்கு ஏறும் காலைவிடக் குறைவாக உழைப்பதில்லை, கூலி மட்டும் குறைவு. காய்ச்சுவதற்கு விறகும் வீட்டுப் பெண்களின் பகல் முழுவதும் வேண்டும்.

இதன் பின் நேர்ந்தவை ஒன்றுக்கொன்று மாறான ஆணைகள். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது; 1974க்குள் மீண்டும் இறுகியது; 1981இல் கள்ளுக்கடைகள் மறுபடி திறந்தன; 1987 சனவரி 1 முதல் கள் மீண்டும் தடைபட்டது, அத்தடை இன்றும் நீடிக்கிறது. பனையேற்றம் ஏட்டைப் பார்த்துக் கற்கும் வித்தை அன்று. இளம் வயதிலேயே தளையைக் காலில் மாட்டி, சிறிய மரத்தில் பழகி, உள்ளங்காலும் இடுப்பும் தோளும் சேர்ந்து ஒத்துழைக்கும் பழக்கத்தைப் பெற வேண்டும். ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை திறந்து மூடிய தொழிலுக்குத் தகப்பன் மகனைப் பழக்கமாட்டான். கள்ளைத் தடுத்ததன் சமூக நன்மை தீமைகளைப் பற்றி எந்தக் கருத்து கொண்டிருந்தாலும், திறமையின் வழிவழித் தொடர்ச்சியை அறுத்ததில் இந்த ஊசலாட்டத்தின் பங்கை மறுப்பது கடினம்.

மரங்களும் குறைந்தன. தமிழ்நாட்டின் மாநில மரமாக 1978இல் பனை அறிவிக்கப்பட்ட பிறகும் செங்கற்சூளைகளுக்கு விறகாகப் பனைகள் வெட்டப்பட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல்மேடுகள் மனைகளாயின. 2021ஆம் ஆண்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனைவிதைகளையும் 1 லட்சம் கன்றுகளையும் வழங்கத் திட்டமிட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. ஏறுவதற்கு ஆள் எங்கே என்ற கேள்வி அப்போது இயல்பாகவே எழுந்தது, அதற்கு விடையாக ஏறும் கருவிகள் முன்வைக்கப்பட்டன.

தென்னைக்கு இந்த விடை ஓரளவு பலித்தது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே.ஜோசப் உருவாக்கிய கருவியில் இரண்டு இரும்புச் சட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பிவடம் மரத்தைச் சுற்றி வரும், மிதிக்கும்போது எடையால் வடம் இறுகும், காலைத் தூக்கும்போது தளரும். மரத்தைக் குத்தாமல் எடையையே பிடியாக மாற்றும் இந்த அமைப்பு, தளையின் தத்துவத்தை இரும்பில் எழுதியது போன்றது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் தோழர்கள்’ பயிற்சித் திட்டத்தில் இவ்வகைக் கருவிகளைக் கொண்டு, முன்பு மரமேறி அறியாத இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்றனர்.

பனையில் இக்கருவிகள் தடுமாறுவதற்குக் காரணங்கள் மரத்திலேயே உள்ளன. அடியில் மிகப் பருத்து மேலே சிறுத்துப் போகும் தண்டில் வடத்தின் அளவை வழியிலேயே மாற்றவேண்டியிருக்கிறது. கரடான பரப்பு வடத்தைத் தடுக்கிறது. உதிராமல் ஒட்டிநிற்கும் பழைய மட்டையடிகள் வழியை மறிக்கின்றன. இவற்றைக் கடந்தாலும் ஒரு தடை மிஞ்சும். தேங்காய் பறிப்பவர் கருவியில் நின்றபடியே கைநீட்டிக் குலையை வெட்டிவிடலாம். பதநீர் இறக்குபவரோ இரு ஓரமும் வாள்போல் அறுக்கும் கருக்குமட்டைகளுக்கு இடையே உடலை நுழைத்து, கொண்டைக்குள் ஏறி, மட்டைகளின்மேல் கால் ஊன்றி நின்று, ஒவ்வொரு பாளையாக மெல்லிய சீவல் எடுத்துக் கலயத்தை மாற்றிக் கட்ட வேண்டும். இரும்புச் சட்டத்தைக் கொண்டைக்குக் கீழேயே மரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் அங்கே நுழைய முடியும்.