சொரியாசிஸ்: நமது தோலில் அதை எப்படி அடையாளம் காண்பது?

எங்கள் வீட்டில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு சோற்றுக் கோப்பை இருந்தது. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவரே எடுத்து வைத்துக்கொண்டார். அதைக் கழுவுவதும் அவர்தான்.

1990இல் பெரியநீலாவணையை விட்டு ஓடி, உறவினர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் மாறி மாறித் தங்கியிருந்த காலத்தில்தான் அம்மாவின் முழங்கைகளில் அந்தத் தடிப்புகள் முதலில் தெரிந்தன. சாம்பல் பூசியதுபோல் செதில் செதிலாக உரியும். பாய் விரித்து எழுந்தால் பாயெல்லாம் வெள்ளைத் தூள். பக்கத்தில் படுத்தவர்கள் மெதுவாகத் தங்கள் பாய்களைத் தள்ளிப் போட்டார்கள். "குட்டமாக்கும்" என்று ஒருவர் சொன்னது அம்மாவின் காதிலேயே விழுந்தது. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கென்று வைத்தியசாலை இருந்ததைக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். தோலில் எது வந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தீவுதான்.

அம்மாவுக்கு இருந்தது தொழுநோய் அல்ல, சொரியாசிஸ். தமிழ் வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 2005இல், அதுவும் என்னால்தான். சுனாமி அடித்து மூன்று மாதத்தில் எனக்கும் அதே தடிப்பு வந்து, தோல் வைத்திய நிபுணரிடம் போனேன். துணைக்கு வந்த அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எத்தனை வருசமாக இருக்கு?" என்று அவர் கேட்டார். பதினைந்து வருடம். அதற்குள் அம்மாவின் மூன்று விரல்கள் மடங்கிப் போயிருந்தன.

நான் வைத்தியர் அல்ல, ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த வருத்தத்தோடு இருபது வருடமாக வாழ்வதாலும், அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்ததாலும், கிளினிக் வாங்கில்களில் எத்தனையோ பேரோடு கதைத்ததாலும் இதை எழுதுகிறேன்.

ஒட்டுமா, ஒட்டாதா?

ஒட்டாது. சொரியாசிஸ் கிருமியால் வருவதில்லை. உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி தவறாகத் தூண்டப்பட்டு, தோலின் கலங்களை அவசரப்படுத்துகிறது. வழக்கமாக ஒரு தோற்கலம் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். சொரியாசிஸில் அது மூன்று முதல் ஐந்து நாட்களில் நடந்துவிடுகிறது. முதிராத கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதே அந்தத் தடிப்பு. ஆகவே ஒரே கோப்பையில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்யலாம், கோயில் கிணற்றில் குளிக்கலாம், சலூனில் முடி வெட்டலாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். பரம்பரைத் தன்மை உண்டுதான். ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. கல்யாணப் பேச்சில் இதைச் சொல்ல வேண்டிவருகிற தாய்மார் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவிலும் நூற்றாண்டுகளாகச் சொரியாசிஸ்காரரைத் தொழுநோயாளர் என்றே ஒதுக்கினார்கள். வியன்னாவின் தோல் வைத்தியர் பெர்டினாண்ட் வொன் ஹெப்ரா 1841இல்தான் இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை, சொரியாசிஸைத் தொற்றாத, வலிதருகின்ற, உருக்குலைக்கின்ற நாட்பட்ட நோய் என்று 2014இல் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டது.

நமது நிறத்தில் அது எப்படித் தெரியும்?

புத்தகங்களிலும் இணையத்திலும் வருகிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுடையவை. இளஞ்சிவப்புத் தடிப்பு, அதன்மேல் வெள்ளிச் செதில் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து "எனக்கு இது இல்லை" என்று முடிவெடுத்தவள் நானே. நமது மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ கடும் மண்ணிறமாகவோதான் தெரியும். செதில் சாம்பல் நிறமாக இருக்கும். தடிப்பு ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தோ வெளிறியோ கிடக்கும். அது நோய் தொடர்வதல்ல, அடையாளம் மட்டுமே.

கவனிக்கவேண்டியது விளிம்பு. எங்கே தடிப்பு முடிகிறது, எங்கே நல்ல தோல் தொடங்குகிறது என்று விரலால் கோடு போடலாம் போலிருக்கும். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம், தொப்புள் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். பெரும்பாலும் உடலின் இரு பக்கத்திலும் ஒன்றுபோல வரும். செதிலை உரித்தால் ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள் தெரியும். இதைப் பரிசோதிக்கிறேன் என்று நீங்கள் உரிக்கவேண்டாம். உரித்த இடத்தில் நோய் கூடும்.

வேறு எதுவாக இருக்கலாம்?

தொழுநோயிலிருந்து இதைப் பிரித்தறியும் முக்கியமான வழி உணர்ச்சி. தொழுநோய்த் தேமல் பெரும்பாலும் மரத்திருக்கும். பஞ்சால் தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அரிப்பும் இராது. சொரியாசிஸ் தடிப்பில் தொடுவதும் தெரியும், பலருக்கு அரிக்கவும் செய்யும். ஆனால் வீட்டிலிருந்து நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது. கிழக்கு மாகாணத்தில் தொழுநோயாளர் இன்றும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மரத்த தேமல் ஒன்று இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் குணமாகிவிடும். உண்மையில் இரண்டில் முற்றாகக் குணமாக்கக்கூடியது தொழுநோய்தான். சனத்தின் பயம் தலைகீழாக நிற்கிறது.

படை என்று நாம் சொல்கிற பூஞ்சணத் தொற்று வட்டமாக விரியும். ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்திருக்கும். சொரியாசிஸில் நடுவும் ஓரமும் ஒரே தடிப்பு. கரப்பனில் நீர் வடியும், விளிம்பு தெளிவாக இராது, கை கால் மடிப்புகளின் உட்புறத்தை அது விரும்பும். தலையில் வருவதைச் சொடுகு என்று நினைத்து எண்ணெய் வைத்தே வருடங்களை ஓட்டுகிறவர்கள் பலர். சொடுகு தூள் தூளாக உதிரும். சொரியாசிஸ் கட்டியாக ஒட்டியிருக்கும், முடியெல்லையைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் இறங்கும்.

வகைகள்

அம்மாவுக்கும் எனக்கும் இருப்பது தடிப்பு வகை. பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இதுதான்.

பிள்ளைகளிலும் இளம் வயதினரிலும் துளி வகை வரும். தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று கிழமைக்குப் பின், மழைத்துளி தெறித்ததுபோல் நெஞ்சிலும் முதுகிலும் சிறு சிறு புள்ளிகள் ஒரேயடியாகக் கிளம்பும். ஸ்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியின் தொண்டைத் தொற்றே பெரும்பாலும் காரணம். கிளினிக்கில் சந்தித்த ஒரு தாய், இதைச் சின்னமுத்து என்று நினைத்து வேப்பிலை கட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். பலருக்கு இது சில மாதங்களில் தானாகவே அடங்கும். தொண்டையை மட்டும் காட்டாமல் விடவேண்டாம்.

மடிப்பு வகையில் செதிலே இராது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் வியர்வை ஈரத்தில் செதில் கரைந்துபோய், வழுவழுப்பான சிவந்த திட்டாக இருக்கும். எங்கள் கடற்கரை வெக்கையில் எல்லோரும் இதை வியர்வைப் புண் என்பார்கள், பூஞ்சணக் கிறீம் பூசுவார்கள், கேட்காது. வெட்கத்தால் காட்டாமல் விடுகிற இடமும் இதுதான்.

உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்து வெடிக்கிற வகை உண்டு. மண்வெட்டி பிடிப்பவர்களும் தறியில் இருப்பவர்களும் வேலையால் வந்த வெடிப்பு என்று விட்டுவிடுகிறார்கள். அதே இடங்களில் சீழ்க்கொப்புளங்களும் வரலாம். அந்தச் சீழில் கிருமி இல்லை. புகைப்பவர்களுக்கு இது அதிகம்.

உடல் முழுவதும் சீழ்க்கொப்புளம் கிளம்பிக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, உடலின் பெரும்பகுதி சிவந்து சூடேறி உரிந்தாலோ, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக்கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். உடல் வெப்பத்தையும் நீரையும் தோல்வழியே இழக்கிறது, உயிராபத்து உண்டு. எனக்கு அது ஒருமுறை வந்தது. பெயர் ஒட்டாத சிறு டப்பாவில் ஒருவர் தந்த கிறீம் இரண்டு கிழமையில் தோலைப் பளிங்காக்கியது. மூன்று மாதம் உடலெல்லாம் பூசினேன். டப்பா முடிந்தது, அந்த மனிதரும் ஊரில் இல்லை. பத்தாவது நாள் கொப்புளம். வார்ட்டில் பதினொரு நாள் கிடந்தேன். அதில் இருந்தது கடும் ஸ்டீரொயிட் என்றார்கள். ஸ்டீரொயிட் கிறீம் கெட்டதல்ல, வைத்தியர் அளந்து தரும்போது அதுவே நல்ல மருந்து. ஆனால் குளிசையாகவோ ஊசியாகவோ, பெயரில்லாத கிறீமாகவோ எடுத்துத் திடீரென நிறுத்தினால் நோய் பல மடங்காகத் திரும்பும்.

காயத்தழும்பு உள்ளவர்களுக்கு

இதை நம் சனத்துக்கென்றே எழுதவேண்டும். சொரியாசிஸ் உள்ளவரின் நல்ல தோலில் காயம் பட்டால், சில நாட்களிலோ கிழமைகளிலோ அந்தக் காயத்தின் வடிவத்திலேயே நோய் முளைக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் வைத்தியர் ஹைன்ரிச் கோப்னர் இதைக் கவனித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஷெல் துண்டு கிழித்த இடம், சத்திரசிகிச்சைத் தையல், தீக்காயம், செயற்கைக் கால் உரசுகிற முனை எல்லாம் அதற்கு இடம் கொடுக்கும். தழும்பு தடித்துச் செதில் விட்டால், உள்ளே துண்டு இருக்கிறது, அது சீழ் பிடித்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். செயற்கைக் காலின் உறைக்குள் தோல் உரிந்தால் கால் செய்து தந்தவர்களிடம் மட்டுமல்ல, தோல் கிளினிக்கிலும் காட்டுங்கள்.

மன உளைச்சல் நோயைக் கிளப்பும் என்பதைப் பல நோயாளிகள் தாங்களாகவே சொல்வார்கள். அம்மாவுக்கு 1990, எனக்கு 2004. இதை வைத்து "யோசிக்காதீங்க, சுகமாகிவிடும்" என்று சொல்வது மட்டும் வேண்டாம். பிள்ளையைத் தேடுகிறவரிடம் யோசிக்காதே என்பது மருந்தாகாது. மனநலக் கிளினிக்கில் லித்தியம் எடுப்பவர்கள், இரத்த அழுத்தத்துக்கு புரொப்பிரனலோல் போன்ற குளிசை எடுப்பவர்கள், குளோரோகுயின் எடுத்தவர்கள் அதைத் தோல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். இம்மருந்துகள் சொரியாசிஸைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

விரலும் நகமும்

அம்மாவின் தோலுக்கு ஒரு பக்கம் எண்ணெய், விரல் நோவுக்கு இன்னொரு பக்கம் வாதக் குளிசை. இரண்டும் ஒரே வருத்தம் என்று பதினைந்து வருடம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு வரையானோருக்கு மூட்டிலும் அது இறங்கும். அதிகமானோருக்குத் தோலில் வந்து சில வருடங்களின் பின் மூட்டுக்கு வரும். சிலருக்கு மூட்டே முந்தும்.

காலையில் எழும்பும்போது விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேலாக விறைத்திருந்தால், ஒரு விரலோ கால்விரலோ முழுவதுமாக வீங்கிப் பருத்தால், குதிக்கால் நொந்தால், இரவில் நாரி நோவு எழுப்பினால், அதை வயசு வாதம் என்று விடாதீர்கள். இரத்தப் பரிசோதனையில் வாதக்காரணி இல்லை என்று வந்தாலும் இந்த மூட்டுவாதம் இருக்கலாம். மூட்டு ஒருமுறை சிதைந்தால் திரும்பாது. நேரத்தோடு தொடங்கினால் தடுக்கலாம்.

நகம் நல்ல சாட்சி. ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள், நகத்தின் கீழ் எண்ணெய்த் துளி விழுந்ததுபோல் மஞ்சள் திட்டு, நகம் சதையிலிருந்து விட்டு எழும்புதல் ஆகியவற்றைப் பாருங்கள். நகம் இப்படி இருப்பவர்களுக்கு மூட்டு பாதிக்கப்படும் வாய்ப்பும் அதிகம்.

எங்கே போவது?

கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன; மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். முற்றாக மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு: ஈரப்பதம் காக்கும் பூச்சுகள், நிலக்கரித்தார், சலிசிலிக் அமிலம், விற்றமின் டி வகைக் கிறீம், புறஊதாக் கதிர்ச் சிகிச்சை, கடுமையானவர்களுக்கு மெதோட்ரெக்சேட். இந்தக் கடைசிக் குளிசை கிழமைக்கு ஒருநாள்தான். ஒவ்வொரு நாளும் விழுங்கினால் உயிரையே எடுக்கும். எனது மருந்துத் துண்டில் அந்த நாளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பிள்ளை பெற நினைக்கும் பெண்களும் ஆண்களும் அதைத் தொடங்கும் முன்னரே வைத்தியரிடம் சொல்லவேண்டும். மது எடுப்பவர்களுக்கு ஈரல் கெடும். வெட்பாலைத் தைலம் போன்று சித்த வைத்தியத்தில் ஏதும் பாவித்தால் அதையும் மறைக்கவேண்டாம்.

போகிற நாளில் எண்ணெயும் கிறீமும் பூசாமல் போங்கள், செதில் இருந்தால்தான் வைத்தியருக்குத் தெரியும். தடிப்பு கூடியிருந்த நாளில் எடுத்த படம் போனில் இருந்தால் காட்டுங்கள். பாவிக்கிற குளிசை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கல்யாண வீடு, பெருநாள் வந்தால் கிளினிக் முடியும்வரை நகத்துக்கு மருதோன்றி போடாதீர்கள். அந்தக் குழிகளை அது மறைத்துவிடும்.