சட்டாம்பிள்ளையும் பக்கத்து இருக்கையும்

பெரிய வகுப்பு என்பது இன்றைய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல்லுக்கும் அது இருந்தது. ஒரு 'மலபார்' பள்ளியில் (அன்று வெள்ளையர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள்) பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயது மாணவன் ஜான் ஃபிரிஸ்கெனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் செய்து காட்டினான்.

1797இல் பெல் இதை லண்டனில் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் பணத்தில் எழுந்த 'மெட்ராஸ் காலேஜ்' செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் இயங்குகிறது. திண்ணைப் பள்ளியை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். நம்ம சட்டாம்பிள்ளை செய்த வேலைதானே இது!

பெருமை யாருக்குப் போனது என்பதோடு கதையை முடிப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. எனக்கு உறுத்துவது வேறு. சட்டாம்பிள்ளை சொல்வான், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கானோரை நடத்தும் மலிவான ஏற்பாடு அது. அதில் கேள்விக்கு இடமில்லை.

அந்த இடத்தை ஹார்வர்ட் இயற்பியலாளர் எரிக் மசூர் 1990களில் திறந்தார். கணக்குகளைச் சரியாகப் போட்ட அவருடைய மாணவர்களே, விசை பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். அதனால் விரிவுரையை நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். முதலில் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். பதில்கள் பிளவுபட்டால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். பிறகு மறுபடி வாக்கு. நேற்றுத்தான் புரிந்துகொண்டவனுக்கு, எங்கே இடறும் என்பது பேராசிரியரைவிட நன்றாகத் தெரியும் என்பது அவர் வாதம்.

2014இல் வெளியான ஓர் ஆய்வு அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி சுமார் 34 விழுக்காடு. மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 22.

நானும் இங்கே விரிவுரை மண்டபங்களில் நான்கு ஆண்டு உட்கார்ந்து பொறியியல் படித்தவன். பாதிப் பாடம் எங்களுக்கு மாமாக் கடை மேசையில்தான் புரிந்தது, தே தாரிக் ஆறும்வரை ஒருவரோடொருவர் சண்டை போட்டு. அந்தச் சண்டையை மண்டபத்துக்குள் கொண்டுவர ப்ராஜெக்டரோ பட்ஜெட்டோ வேண்டாம். பேசிக்கொண்டே இருக்கும் விரிவுரையாளர் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டால் போதும். இருநூறு ஆண்டுகளாகக் கஷ்டமாக இருப்பது அதுதான்.