சத்திரத்தில் நாற்பது நாள்

சேலம், நாமக்கல் சமவெளியில் கத்தோலிக்க நம்பிக்கை வேரூன்றிய வரலாற்றை எழுதுவோர், திருமுழுக்குப் பெற்றோர் தொகையையும் கோவில்கள் எழுந்த ஆண்டுகளையும் முறையாகக் குறித்து வைத்துள்ளனர். பணியாளர்கள் இங்கு வந்துசேரப் பட்ட பாடுகளோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. அவ்வரிகளருகே நாம் சற்று நிற்போம்.

அக்காலத்தில் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கோவாவை அடைய, காற்று ஒத்துழைத்தாலும் ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவந்து, பருவக்காற்றைத் தவறவிடாமல் கடலைக் கடந்தாக வேண்டும். தவறினால் அடுத்த பருவம் வரும்வரை மொசாம்பிக்கில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். 1541 ஏப்ரல் 7-ஆம் நாள் புறப்பட்ட புனித சவேரியார் அங்கே மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. நோயாளருக்குத் தொண்டு செய்தவர் தாமும் நோயில் வீழ்ந்தார். 1542 மே 6-ஆம் நாள்தான் கோவா மண்ணை மிதித்தார்.

1604 ஏப்ரலில் அதே வழியில் புறப்பட்ட இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலியின் பயணமும் மொசாம்பிக்கில் தடைப்பட்டது. அவர் கோவாவை அடைந்த நாள் 1605 மே 20. இத்தாலியின் உயர்குடியில் பிறந்த அந்த 27 வயது இளைஞருக்குப் பயணமே ஓராண்டுக்கு மேல் நீண்டது. 1606-இல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் கற்று, காவியுடுத்து, தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். அவரது பணிமுறை பற்றி எழுந்த கடும் வழக்கில், 1623 சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பும் கடல்வழியேதான் வந்தாக வேண்டும்!

அதே 1623-இல் அவர் மதுரையைவிட்டு வடக்கே நடந்தார். திருச்சிராப்பள்ளியைக் கடந்து, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தை அடைந்தார். அங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்புடன் வரவேற்றார். அடுத்துச் சென்ற சேலமோ முகம் திருப்பிக்கொண்டது. தங்க இடம் கிடைக்கவில்லை. நாற்புறமும் திறந்து கிடந்த சத்திரம் ஒன்றில் நாற்பது நாள் கிடந்தார். காற்றும் குளிரும் உடலை வாட்ட, நோயும் பற்றிக்கொண்டது. கடல்கடந்து வந்த கல்விமானுக்கு அந்நாள்களில் போதிக்க மேடையில்லை. அவ்வூராரின் இரக்கத்துக்குக் காத்திருப்பதொன்றே அவரால் இயன்றது.

மெல்ல மெல்ல ஊரார் மனம் இளகிற்று. சேலத்தை ஆண்ட நாயக்கத் தலைவரே அவருக்கு நகரில் இருப்பிடம் தந்து நட்புக் கரம் நீட்டினார். அத்தலைவரின் தமையனாரும், ஆட்சியுரிமை இழந்திருந்தவருமான திருமங்கல நாயக்கர் 1625-இல் திருமுழுக்குப் பெற்றார். சேலம் பணித்தளத்தின் தொடக்கம் இதுவே.

தடங்கல்கள் எல்லாம் இறுதியில் நன்மையாகவே முடியும் என்று இதைக்கொண்டு நாம் சொல்லிவிட முடியுமா? முடியாது. 1840-களில் சேலத்தில் பணியாற்றி, பின்னர் கோயம்புத்தூர் மறைப்பகுதியின் ஆயராக விளங்கிய மரியோன் பிரெசில்லாக், 1856-இல் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையை நிறுவினார். 1859 மே 14-ஆம் நாள் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுனில் அவர் இறங்கியபோது நகரெங்கும் கொள்ளைநோய். ஆறே வாரங்களில், சூன் 25-ஆம் நாள், அதற்கே இரையானார். அங்கே அவருக்கு அறுவடை கிட்டவில்லை.

ஆகவே வெற்றியைக் கொண்டு இப்பயணங்களை அளக்கலாகாது. அவற்றில் நாம் காணும் பொதுவான உண்மை ஒன்று உண்டு: கொடுக்க வந்தவர் முதலில் கையேந்தி நிற்கிறார். கற்பிக்க வந்தவர் ஊரார் தரும் ஒரு கூரைக்காகக் காத்திருக்கிறார். அந்தத் தாழ்வைக் கடந்து வந்த தொண்டில் மேட்டிமை எளிதில் குடியேறாது. தொண்டாற்றக் கடல்கடந்து செல்ல விரும்பும் நம் இளையோர் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே.

உள்ளூரிலே இருப்போருக்கும் இவ்வரலாறு ஒரு வினாவை எழுப்புகிறது. நொபிலிக்குக் கதவடைத்தவர்களும் அக்கதவைத் திறந்தவர்களும் இதே மண்ணின் மக்களே. இன்று நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும் பிழைப்புத் தேடி வடமாநிலத்தார் வந்து உழைக்கின்றனர். நம் மொழி அறியாத அவர்கள் நோயுற்றால் விசாரிப்பார் யார்? அவர்களுக்கு வீடு வாடகைக்குத் தர நம்மில் எத்தனை பேர் தயங்குகிறோம்?

நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியர் நாற்பது நாள் காத்திருந்தார். இன்றைய அந்நியரையும் அத்தனை நாள் காக்க வைக்க வேண்டுமா என்பதை நம் இல்லங்களும் பங்குகளும் முடிவு செய்யட்டும்.