வளைந்த படிகத்தின் வழித்தடம்

1882ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றி ரோலண்ட் என்ற இயற்பியலாளர், தானே வடிவமைத்த இயந்திரத்தால் உலோக ஆடிகளில் அங்குலத்துக்குப் பதினாலாயிரத்துக்கும் மேலான கோடுகளைக் கீறிக்கொண்டிருந்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் இந்தக் கீற்றணிகள் அதுவரை தட்டையாகவே இருந்தன. ரோலண்ட் குழியாடியில் கீறிப் பார்த்தார். பிரிந்த ஒளி, லென்ஸ் எதுவும் இல்லாமலே தானாகக் குவிந்தது. ஒளி நுழையும் பிளவு, கீற்றணி, விழும் நிறமாலை மூன்றும் ஒரே வட்டத்தின் மேல் அமைந்தன. ரோலண்ட் வட்டம் என்ற பெயர் அதற்கு இன்றும் நிலைத்திருக்கிறது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜான் பிராஷியர் தகடுகளை மெருகேற்றிக் கொடுத்தார். அவர் வழியாகவே கீற்றணிகள் உலகெங்கும் விலைக்குப் போயின.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1912இல், மியூனிக்கில் இயற்பியலாளர் லாவேயின் குழுவினர் மயில்துத்தப் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். படிகத்தின் அணு அடுக்குகள் இயற்கையே கீறிவைத்த கீற்றணி என்பது அன்று தெரிந்தது. அடுக்குகளின் இடைவெளியும் கதிர் வந்து விழும் கோணமும் சேர்ந்தே எந்த அலைநீளம் திரும்பும் என்பதை முடிவுசெய்கின்றன என்று விதி வகுத்தார் லாரன்ஸ் பிராக். கீற்றணி என்றாகிவிட்டால் ரோலண்டைப் பின்பற்ற ஆள் வராமலா போகும்? 1931இல் யோஹான், 1932இல் பாரிஸின் இவெட் கொஷுவா, அவர்களை ஒட்டி ஸ்வீடனின் யோஹான்சன் எனப் பலரும் படிகத்தை வளைத்தார்கள். கொஷுவா எடுத்துக்கொண்டது மெல்லிய அப்பிரகத் தகடு. அவரோடு வேலை செய்த ருமேனியர் ஹோரியா ஹுலுபெய் பின்னாளில் தாயகத்தில் அணு இயற்பியல் நிறுவனத்தை ஆரம்பித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1932இல்தான். அதுவும் அலையாக நடந்துகொள்ளும், படிகத்தில் விளிம்பு விளைவு காட்டும் என்பது 1936இல் உறுதியானது. 1940களின் நடுவில் ஓக் ரிட்ஜ் அணு உலையில் எர்னஸ்ட் வோலன், எக்ஸ் கதிருக்கான பழைய கருவி ஒன்றையே மாற்றியமைத்து நியூட்ரான் ஆய்வைத் தொடங்கினார். ஆனால் எக்ஸ் கதிர் ஆய்வாளர் அறியாத ஒரு பஞ்சம் இங்கே இருந்தது. பெரிய உலையிலிருந்து வந்தாலும் நியூட்ரான் கற்றை மங்கலானது. மின்னூட்டம் இல்லாததால் மின்புலத்தைக் கொண்டு அதைத் திருப்பவும் வழியில்லை. தட்டைப் படிகமோ விரிந்து வரும் கற்றையில் ஒரு சிறு பங்கை மட்டும் திருப்பியது.

இந்த இடத்தில் ஒரு விநோதம். குறையே இல்லாத படிகம்தான் மிகக் குறைவாகத் தரும்! மாசற்ற சிலிக்கான், ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் சில கூறுகள் அளவே கோண வேறுபாட்டை ஏற்கும், மற்றதை விட்டுவிடும். கறாரான வாயிற்காவலரைப் போல. வளைத்தால் நிலைமை மாறுகிறது. அடுக்குகள் இடத்துக்கு இடம் சற்றே சாய்வதால், விரிந்து வரும் நியூட்ரான்களில் அதிகமானவை பொருத்தமான கோணத்தைச் சந்திக்கின்றன. திரும்பும்போது ஒரே இடத்தில் கூடவும் செய்கின்றன.

அப்படிப்பட்ட சிலிக்கான் வந்த கதையும் ஒரு தற்செயல்தான். 1916இல் பெர்லினில் ஜான் சொக்ரால்ஸ்கி மைக்கூட்டுக்குப் பதிலாக உருகிய வெள்ளீயத்தில் பேனாவைத் தோய்த்துவிட்டாராம். முனையில் ஒட்டி நூலாக வந்தது ஒற்றைப் படிகம். அந்த முறையில்தான் கணினிச் சில்லுக்காரர்களின் சிலிக்கான் வளர்ந்தது. அவர்களுக்காக வெட்டிய மெல்லிய வில்லைகள் நியூட்ரான் கூடங்களுக்கும் வந்து சேர்ந்தன. நான்கு தூண்களுக்கு நடுவே வில்லையை நிறுத்தித் திருகை மெல்ல முடுக்கினால், பல மீட்டர் ஆரமுள்ள வளைவு கிடைக்கும். கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் உடைந்துவிடும். தளர்த்தினால் பழையபடி தட்டையாகிவிடும்.

ஜெர்மனியின் இயற்பியலாளர் மையர்-லைப்னிட்ஸ் 1960களில் இந்தக் குவிப்பை நியூட்ரானுக்கு முன்வைத்தார். பெரிய கருவிகளுக்கு அவர் வகுத்த வழிகள் பிரான்சின் கிரெனோபில் உலையில் உருப்பெற்றன. 1975இல் இந்தக் குவிப்புக்கான கணக்குகளைத் துல்லியமாக எழுதியவர் மிஹாய் பொபோவிச்சி. அவர் வேலை பார்த்த இடம், ஹுலுபெய் தொடங்கிய அதே புக்கரெஸ்ட் நிறுவனம்! பிறகு அவர் மிசூரி பல்கலைக்கழகம் போய் மெல்லிய சிலிக்கான் வில்லைகளை அடுக்கி வளைத்தார். பிராகாவுக்கு அருகே ர்ஷெஷ் ஊரில் பாவெல் மிகுலா தடித்த தகடுகளை வளைத்தார்.

நம்மவர் பங்கும் உண்டு. கனடாவின் சாக் ரிவரில் பி. கே. ஐயங்கார், இயற்பியலாளர் பிராக்ஹவுஸுடன் சேர்ந்து ஜெர்மானியத்தில் அணுக்கள் அதிரும் விதத்தை நியூட்ரானால் அளந்தார். கட்டுரை 1958இல் வந்தது. அன்று ஆராயப்பட்ட அதே ஜெர்மானியம், இன்று கிரெனோபிலின் தூள் ஆய்வுக் கருவிகளில் துண்டு துண்டாகச் சாய்த்துப் பொருத்தப்பட்டு நியூட்ரானைக் குவிக்கிறது. வளைந்த சிலிக்கானோ, பற்றவைத்த எஃகின் உள்ளே சில மில்லிமீட்டர் இடத்தில் தங்கியிருக்கும் இறுக்கத்தை, பொருளை வெட்டாமலே அளந்து சொல்கிறது.