நூறு அணுக்களில் எத்தனை ஒளிரும்?



பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நகை வாங்கும் நாம், தங்கத்தை உரைக்காமலே தரம் சொல்லும் எக்ஸ்-கதிர்க் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். அதன் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு உள்ளது.

எக்ஸ்-கதிர் பட்டு அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேறினால், வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று அவ்விடத்தை நிரப்பும். மிஞ்சும் ஆற்றல் அத்தனிமத்துக்கே உரிய எக்ஸ்-கதிராக வெளிப்படும். இத்தகைய கதிர்களைக் கண்டறிந்ததற்காக சார்லஸ் பார்க்லா 1917ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். பின்னர் 1922இல் லிசே மைட்னர் என்ற பெண்மணியும் 1923இல் பியேர் ஓஜேயும் மற்றொரு வழியைக் கண்டனர். ஆற்றல் கதிராகாமல் இன்னோர் எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. அவ்விளைவுக்கு ஓஜேயின் பெயரே நிலைத்துவிட்டது.

அப்படியானால், உட்கூட்டில் இடம் காலியான நூறு அணுக்களில் எத்தனை ஒளிரும்? இதுவே ஒளிர்வு விகிதம். எலக்ட்ரானைத் தள்ளும் வேகம் தனிமத்துக்குத் தனிமம் அதிகம் மாறாது. கதிர்வீசும் வேகமோ அணு எண்ணின் நான்காம் அடுக்கைப்போல் உயரும். ஆகவே முதற்கூட்டில் தங்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 96, இரும்பு 34, சிலிக்கன் 5, சோடியம் 2 என்ற அளவிலேயே ஒளிர்கின்றன. உலகெங்கும் கிடைத்த அளவீடுகளைச் சீர்தூக்கி 1972இல் எண்மர் வெளியிட்ட பெரும் தொகுப்பில் பி. வேணுகோபால ராவும் ஒருவர்.

வகுப்பில் உயர்ந்த கைகளை மட்டும் எண்ணி, விடை தெரிந்தவர் இவ்வளவுதான் என்று முடிவு செய்யலாமா? அணுவிலும் அப்படியே. இவ்விகிதம் தெரியாவிட்டால், மங்கலாய் ஒளிரும் தனிமத்தைக் குறைவாய் உள்ளதென்று தவறாகக் கணித்துவிடுவோம்.

நிலவில் இது மெய்யான சோதனையாயிற்று. அங்குக் காற்று மண்டலம் இல்லாததால் சூரியனின் எக்ஸ்-கதிர்கள் நேரே தரையில் பட்டு, மண்ணை ஒளிரச் செய்கின்றன. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008இல் இக்கதிர்களைத் தேடிச் சென்றது. அப்போது சூரியன் அமைதியாக இருந்ததால் கிடைத்தவை சிலவே. சென்னையைச் சேர்ந்த எம். வனிதா திட்ட இயக்குநராக இருக்க, 2019இல் சந்திரயான்-2 புறப்பட்டது. நூற்றுக்கு இரண்டாய் ஒளிரும் சோடியம் நிலவில் பரவியிருப்பதை அது வரைபடமாக்கியதாக 2022இல் அறிவிக்கப்பட்டது.

அறிவியல் பாடத்தில் நிலவைப் பற்றிப் பேசும்போது இவ்விருவர் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அண்ணாதுரை தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பயின்றவர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.